ஒரு சதவீத விலக்கு

இதையெல்லாம் நடந்தபடியே நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வகுப்புகளின் ஒளிப்பதிவுகளை நாங்கள் படித்து முடித்த அடுத்த பருவத்திலேயே அழித்துவிட்டார்கள். இடம் மிச்சம் பிடிக்க என்றார்கள். அதனால் யார் எதைச் சொன்னார்கள் என்று சரிபார்க்க வழியில்லை. வடிவு சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. எதற்காகச் சிரித்தாள் என்று யோசித்தால் ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் வேறொன்று. 'விலக்கு' என்ற சொல்லை முதலில் எடுத்தது ரிஸ்வானாவா, வடிவா என்பதிலும் தெளிவில்லை. நானில்லை என்பது நிச்சயம். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் வகுப்பில் பேசியதே மிகக் குறைவு.

நான் தென்காசியில் ஒரு சிறிய நூலகத்தில் வேலை பார்த்தேன். நிறை வந்த பிறகு அதை மூடினார்கள். வேலை போனவர்களுக்கு மறுபயிற்சி என்று ஒரு படிப்பு கொடுத்தார்கள். இணையவழி முதுகலை: பொருள்களின் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. வேறு செய்ய ஒன்றுமில்லாததால் சேர்ந்தேன்.

நிறை என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது இல்லாத காலமும் இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளுக்குப் பிறகு, எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எத்தனை பேருந்து, மருத்துவ வண்டி எப்போது என்று தீர்மானிப்பதை மனிதர்களிடமிருந்து வாங்கி அந்தக் கணினியிடம் கொடுத்தார்கள். மனிதர்கள் அதற்காக அடித்துக்கொண்டதைப் பார்த்துச் சலித்திருந்த எங்களுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. நிறைக்குச் சாதி தெரியாது, கட்சி தெரியாது. ஊர்கூடத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பொருள்கள்தான். ஒரு சோப்பு, ஒரு மூட்டை சிமெண்ட், ஒரு யூனிட் மின்சாரம். அது எங்கே பிறக்கிறது, எந்தக் கைகள் வழியாகப் போகிறது, எங்கே சாகிறது, போகும் வழியில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எத்தனை பேருடைய ஆயுளில் எவ்வளவு குறைக்கிறது என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சங்கிலி. சங்கிலி எந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊருக்கு வேண்டியதைக் கொடுக்கும். சங்கிலியில் எந்தக் கண்ணியில் பாரம் அதிகமோ அதன் மேல் கை வைக்கும்.

அத்தனை பொருள்களின் சங்கிலியையும் எழுத ஆளில்லை. அதற்காகத்தான் இந்தப் படிப்பு. மாணவர்கள் எழுதும் பயிற்சி மதிப்பீடு தேறிவிட்டால் அது நேரே நிறைக்குள் போய்விடும். இதை எங்களிடம் மறைக்கவில்லை. முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். நாங்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடிவு மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் குழுவில் மூன்று பேர். சனிக்கிழமை பிற்பகல் வகுப்பு முடிந்ததும் எங்களைத் தனி அறையில் போடுவார்கள். திரையில் மூன்று சதுரங்கள். என்னுடையது எப்போதும் கறுப்பு.

"அண்ணாச்சி, உசுரோட இருக்கீயளா?" என்று வடிவு ஆரம்பிப்பாள்.

"இருக்காவ, இருக்காவ. மூச்சுச் சத்தம் கேக்குல்லா," என்பாள் ரிஸ்வானா.

"மைக்கே போடல. ஒனக்கு எப்படிட்டி மூச்சு கேக்கும்?"

"எனக்குக் கேக்கும்க்கா. எங்க வாப்பாவும் இப்படித்தான். பேசாத ஆளுங்களுக்கு மூச்சு பெருசாக் கேக்கும்."

ரிஸ்வானா மேலப்பாளையத்துப் பெண். இருபத்து மூன்று வயது. மதிப்பெண் நன்றாக வந்தால் நிறையின் சரிபார்ப்பு அலுவலகத்தில் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அதுதான் குறி.

சண்முகவடிவுக்கு முப்பத்தைந்து இருக்கும். நொச்சிப்பட்டி என்ற ஊர். நெடுஞ்சாலையில் போகும் பேருந்து அந்த ஊருக்குள் போகாது. கரிசல் காட்டுக்குள் மண்சாலை பிரியும் இடத்தில் இறக்கிவிடும். தெற்கே அப்படிப் பிரியும் இடத்துக்கெல்லாம் விலக்கு என்றுதான் பெயர். நொச்சிப்பட்டி விலக்கு என்று கேட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அங்கே ஒரு யார்டு இருந்தது. ஆயுள் முடிந்த காற்றாலைகளின் இறக்கைகள் நீண்ட லாரிகளில் வந்து இறங்கும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தவை. மண்ணில் போட்டால் மக்காது, சூட்டில் வைத்தால் உருகாது. அறுத்துத் துண்டாக்கிச் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புவார்கள். அறுக்கும்போது வெள்ளையாக ஒரு தூசி எழும். வடிவின் கணவன் பேச்சிமுத்து அறுக்கும் இயந்திரத்தில் நின்றான். வடிவு அதே யார்டில் எடை மேடையில் இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு மேல் அங்கேதான் வேலை.

"ஏன்க்கா, இந்தப் படிப்பு ஒங்களுக்கு எதுக்கு?" என்று ரிஸ்வானா ஒருமுறை கேட்டாள்.

"எங்க ஊரப் பத்தி யாரோ ஒருத்தர் எழுதத்தான் போறாவ. அது நானா இருந்துட்டுப் போறேன்."

பக்கத்து ஊரில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. அவற்றின் பாரம் அதிகம் என்று நிறை மூடிவிட்டது. சூளை போன பின் அந்த ஊர் வழியாகப் போகும் சங்கிலி எதுவும் இல்லை. ஒரு கோடைக்குள் ஊர் காலியானது. அந்த ஊர்க்காரர்கள் பானையும் பாயுமாக நொச்சிப்பட்டி வழியாகத்தான் நடந்து போனார்களாம். யார்டுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. வடிவு படிக்க வந்தது அதற்குத்தான்.

இரண்டாம் பருவத்தில் பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவள் நாங்கள் யோசிப்பதற்குள் சொல்லிவிட்டாள்: காற்றாலையிலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரம். நாங்கள் ஒப்புக்கொண்டோம். இரும்பு எங்கிருந்து வருகிறது, கோபுரத்துக்கு எவ்வளவு கான்கிரீட், இறக்கையைச் செய்யும் பிசின் எந்தக் கப்பலில் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டோம். கடைசிக் கண்ணி நொச்சிப்பட்டி. அந்தத் தூசியால் குறையும் ஆயுளின் பங்கு, முழுச் சங்கிலியின் பாரத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே வந்தது.

வடிவு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ரம்பத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணுக்கு மேல போனா என்ன செய்யும்?"

"பாரமுள்ள கண்ணின்னு எடுத்துக்கிடும். சரி பண்ணச் சொல்லும். முடியலன்னா மூடிரும்," என்றாள் ரிஸ்வானா.

"ஒண்ணுக்குக் கீழ வந்தா?"

எங்கள் பேராசிரியர் தேவசகாயம் அதைப் பாடத்தில் சொல்லியிருந்தார். உலகத்தில் எல்லாவற்றையும் கடைசி வரை பின்தொடர முடியாது, எங்காவது நிறுத்த வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்த பங்குள்ளதை விட்டுவிடலாம் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் அதற்கு ஒரு பத்தி இருந்தது. யாரோ தமிழாக்கிய பத்தி. அதன் தலைப்பு: விலக்கு.

"விலக்குன்னா? வரி விலக்கு மாதிரியா?"

"அப்படித்தான இருக்கும். பரீட்சக் கட்டணத்துக்கு விலக்கு குடுக்காவல்லா. அந்த மாதிரி."

"அப்பம் அதுக்குள்ள போயிரணும்."

"அளவ மாத்த முடியாதுக்கா. அது அளந்த அளவு." ரிஸ்வானா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "ஆனா ஒண்ணு. இந்தத் தூசி யாருக்குச் சொந்தம்? காத்தாடிக்காரன் குப்பைன்னு தள்ளுதான். சிமெண்ட்காரன் விறகுன்னு வாங்குதான். ரெண்டு பேருக்குந்தான நீங்க அறுக்குதீய? கல்யாணச் செலவு மாதிரி பிரிச்சிருவோம். மாப்ள வீட்ல பாதி, பொண்ணு வீட்ல பாதி."

"அப்படிப் பிரிக்க விடுவாவளா?"

"பங்கீடுன்னு ஒரு அத்தியாயமே இருக்கே. அண்ணாச்சி, சொல்லுங்களேன்."

நான் மைக்கைத் திறந்து, இருக்கிறது என்றேன். பாடத்தின் ஐந்தாவது அத்தியாயம். அதில் எந்தத் தவறும் இல்லை.

பாதியாகப் பிரித்ததும் மின்சாரத்தின் சங்கிலியில் நொச்சிப்பட்டி ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. சிமெண்டின் சங்கிலி மிகப் பெரியது; அதில் மறு பாதி கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு இடத்திலும் பச்சை நிறத்தில் எழுத்து வந்தது: விலக்கு.

வடிவு அப்போதுதான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். "எங்க ஊருக்குப் பேருலயே விலக்கு இருக்கு. பொருத்தமாத்தான் வந்திருக்கு," என்றாள். கைப்பேசியை ரம்பத்தின் பக்கம் நீட்டி, "கேட்டுக்கிடுங்க. இனிமே இது விலக்கு வாங்குன மிசினு," என்றாள். பேச்சிமுத்து என்னவென்று கேட்பதும், அவள் ஏதோ சொல்வதும், அவன் முகக்கவசத்தைக் கழற்றாமலே எங்களுக்குக் கையாட்டுவதும் தெரிந்தது.

எங்கள் மதிப்பீடு நல்ல மதிப்பெண்ணில் தேறியது.

முதலில் நின்றது பேருந்து. ஒரு சனிக்கிழமை வடிவு நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து வகுப்பில் சேர்ந்தாள். தலையில் துண்டு போட்டிருந்தாள். பக்கத்தில் லாரிகள் இரைந்து போய்க்கொண்டிருந்தன.

"ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டங்கு. கண்டக்டர் என்ன சொல்லுதான் தெரியுமா? அப்படி ஒரு விலக்கே இல்லியாம். அவன் மிசின்ல வரலியாம். நாங்க கட்டுன நிழற்குடையப் பாத்துக்கிட்டே சொல்லுதான்."

அடுத்து மருத்துவ வண்டி வராமல் போனது. பிறகு கூட்டுக்குடிநீர்க் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, வாரத்துக்கு ஒருநாள் ஆனது, பிறகு காற்று மட்டும் வந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. இறக்கைகள் முன்னைவிட அதிகமாக வந்து இறங்கின. பாரம் என்று எதுவும் கணக்கில் இல்லாததால் அங்கே எவ்வளவு அறுத்தாலும் தடையில்லை.

பேராசிரியரிடம் கேட்பதற்கு வடிவு வகுப்பு முடியும் வரை காத்திருந்தாள். மற்ற மாணவர்கள் போன பிறகு நாங்கள் மூவரும் அவரும் மட்டும் இருந்தோம்.

"சார், விலக்கு குடுத்துட்டு இப்படிச் செஞ்சா எப்படி?"

தேவசகாயம் கெட்ட மனிதரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். "விலக்கு கொடுக்கலம்மா. விலக்கியிருக்கு. கணக்கிலேர்ந்து எடுத்துட்டதுன்னு அர்த்தம். சலுகைன்னு யார் சொன்னா?"

"வரி விலக்குன்னா சலுகதான சார்?"

"இது வரி இல்லையே."

"ஊர விட்டு விலக்கி வைக்கிற விலக்கா அப்ப?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அந்த அளவுக்கெல்லாம் யாரும் யோசிச்சு வைக்கல. அகராதியில இருந்த சொல்ல எடுத்துப் போட்டிருக்காங்க."

"தூசி இருக்குல்லா சார்?"

"இருக்கு. கணக்குல இல்ல."

"மனுசங்க?"

"மனுசங்க அந்த வேலையோட சேர்த்திதாம்மா. வேலைக்கு ஆள், ஆளுக்குத் தண்ணி. முதல் கண்ணி இல்லேன்னா அடுத்தது எப்படி வரும்? மின்சாரக் கணக்கு, நீங்க சிமெண்ட்ல இருக்கீங்கன்னு விட்டுட்டுது. சிமெண்ட் கணக்கு, நீங்க மின்சாரத்துல இருக்கீங்கன்னு விட்டுட்டுது."

"ரெண்டு வீட்டுப் பந்தியிலயும் எல போடல," என்றாள் ரிஸ்வானா. அவள் குரல் எப்போதும் போல இல்லை. "சார், அந்தச் சொல்லயாவது மாத்துங்க."

"வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க. பரிந்துரை பண்றேன்."

முப்பது ஆண்டு புத்தகங்களோடு இருந்தவன் நான். எனக்கும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

திருத்த வழி உண்டா என்று ரிஸ்வானா கேட்டாள். உண்டு என்றார். ஏற்றுக்கொண்ட பங்கீட்டை மாற்ற முடியாது. வேறு பல மதிப்பீடுகள் இப்போது அதன் மேல் நிற்கின்றன. அளவு மாறினால் மட்டும் நிறை மறுபடி பார்க்கும். பாதியாகப் பிரித்த பிறகும் பங்கு ஒரு சதவீதத்தைத் தாண்ட வேண்டும்.

"அளவு எப்படி சார் மாறும்?"

"தூசி கூடணும். இல்லேன்னா அதைச் சுவாசிக்கிற ஆள் கூடணும். ரெண்டுல ஒண்ணு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தான் சொல்வதைத் தானே கேட்டதைப் போல நிறுத்தினார். அவருடைய சதுரத்தில் மைக் அணைந்தது. கொஞ்ச நேரம் உதடுகள் மட்டும் அசைந்தன.

அந்த மாதமே நொச்சிப்பட்டி யார்டில் முகக்கவசம் போடுவதை நிறுத்தினார்கள். வடிவு போன் செய்து சொன்னாள். தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பதும் நின்றுவிட்டது. தெளிக்கத் தண்ணீரும் இல்லை. கம்பத்தில் இருந்த நிறையின் அளவுக்கருவி மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. தூசி ஏறியதைப் பார்த்து ஊரில் சந்தோஷப்பட்டார்களாம்.

"இவிய இருமிக்கிட்டே கேக்காவ, எவ்வளவு ஆச்சுன்னு. கிரிக்கெட்டு ஸ்கோரு கேக்க மாதிரி," என்றாள். பக்கத்தில் பேச்சிமுத்து, "பொய்யி சொல்லாத, நான் ஒருக்கதான் கேட்டேன்," என்று சொல்வது கேட்டது. பிறகு இருமல்.

ஆனால் தூசி ஏற ஏற ஆள் இறங்கியது. தண்ணீர் இல்லாத ஊரில் எத்தனை நாள் இருப்பார்கள்? முதலில் கைக்குழந்தை உள்ளவர்கள் போனார்கள். நிறை உயிரை எண்ணுவது தலையை வைத்து இல்லை, மிச்சமிருக்கும் ஆயுளை வைத்து. சின்னப் பிள்ளை என்றால் அதன் முன்னால் நீண்ட வருடங்கள் இருக்கின்றன. அது சுவாசிக்கும் தூசிக்கு எடை அதிகம். பிள்ளைகள் போகப் போக நொச்சிப்பட்டியின் பங்கு தேய்ந்தது. வடிவே தன் மகள் செண்பகத்தைப் பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் சேர்த்திருந்தாள். வாங்கிய கருப்பட்டியைக்கூடக் கொடுத்தனுப்ப ஆளில்லை என்று ஒருநாள் வருத்தப்பட்டாள்.

படிப்பு முடிந்தது. ரிஸ்வானாவுக்குச் சென்னையில் சரிபார்ப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நொச்சிப்பட்டி இருக்கும் பகுதியும் அவள் பார்ப்பதில் சேர்ந்தது. அவளால் எதையும் மாற்ற முடியாது. பார்க்க முடியும்.

ஒரு மாலை மூவரும் பழைய வழக்கப்படி திரையில் சந்தித்தோம். வடிவு கேட்டாள்:

"அண்ணாச்சி, நீங்க தனியாத்தான இருக்கீய? இங்க வந்து இருக்கீயளா? ஒரு ஆளு கூடும்."



"அண்ணாச்சி வயசுக்கு முழு ஆளு தேறாதுக்கா. கால் ஆளு வேணா தேறும்," என்றாள் ரிஸ்வானா.

"கால் வந்தாப் போதும். மீதிய நாங்க கண்டுபுடிச்சிக்கிடுதோம்."

மூவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. அடுத்த வாரம் நான் என் குடும்ப அட்டையை நொச்சிப்பட்டிக்கு மாற்றினேன். தென்காசி வீட்டுத் தண்ணீர் அன்றே நின்றது.

ஊர் எதிர்பார்த்ததைவிட வெளிச்சமாக இருந்தது. கூரைகள், மரங்கள், ஆட்டின் முதுகு எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளை. பேச்சிமுத்து என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி. நீங்கதான் பேசாத அண்ணாச்சியா?" என்றான். திரையில் தெரிந்ததைவிட ஒடிசலாக இருந்தான். லாரி ஓட்டுநர்கள் இரக்கப்பட்டுக் கேனில் கொண்டுவரும் தண்ணீரில் ஊர் வாழ்ந்துகொண்டிருந்தது. வீடுகளில் பூட்டுத்தான் அதிகம்.

ஆனி மாதம் முப்பிடாதி அம்மனுக்குக் கொடைத் திருவிழா. வெளியூர் போனவர்கள் எங்கிருந்தாலும் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிடுவார்கள். வராமலிருப்பது அந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். கொடை மூன்று நாள். அந்த மூன்று நாளும் யார்டுக்கு விடுமுறை. அம்மனுக்கு முன்னால் ரம்பம் ஓடக் கூடாது என்பது யார்டு வந்த நாளிலிருந்து இருந்த கட்டுப்பாடு.

ஆள் கணக்கை நிறை கைப்பேசிகளையும் பிள்ளைகளின் பள்ளி அட்டைகளையும் வைத்து எடுக்கும். தொடர்ந்து மூன்று நாள் ஓரிடத்தில் இருந்தால் அவர்களை அந்த ஊர்க் கணக்கில் சேர்க்கும். வடிவு இதை யோசித்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எடை மேடையின் நிழலில் நானும் அவளும் பேச்சிமுத்துவும் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"கொடைக்கு மிசின ஓட்டணும்."

பேச்சிமுத்து சோற்று உருண்டையைக் கையிலேயே வைத்திருந்தான். "கொடைக்கா? ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? சாமி கெடக்கட்டும். புள்ளையள்லாம் வருமேட்டி."

"புள்ளையள் வரும்னுதான் சொல்லுதேன்."

அவன் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சோற்றைத் தட்டிலேயே உதறினான்.

"நம்ம செண்பகமும் வருவாளே."

"அவளும்தான்."

"நீ பெத்தவதானா?"

"மூணு நாளு. மூணே நாளு ஓட்டுனா தண்ணி வரும். தூசியச் சரி பண்ணச் சொன்னா, அந்தத் தண்ணியத் தெளிச்சுச் சரி பண்ணிக்கிடலாம். பெறவு அவ இங்கயே இருக்கலாம். எல்லாரும் வந்து இருக்கலாம். இல்லன்னா அடுத்த வருசம் கொடைக்கு வர ஊரு எங்க இருக்கும்?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. கணக்கு சரிதான?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தூரத்தில் ஒரு லாரி இறக்கையை இறக்கிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து எழுந்து போனான்.

கொடை அன்று ஊர் நிறைந்துவிட்டது. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன்கள் வந்தன. பூட்டியிருந்த வீடுகளைத் திறந்து கழுவத் தண்ணீர் இல்லாமல் துடைப்பத்தால் பெருக்கினார்கள். தூசி தெருவுக்கு வந்தது. செண்பகம் பாவாடை தாவணியில், கையில் பலூனோடு, அப்பாவைத் தேடிக்கொண்டு திரிந்தாள். மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கும் முன் வடிவு மைக்கை வாங்கினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். விலக்கு என்றால் என்ன என்று தான் நினைத்தது, அது என்னவாக இருந்தது, இனி என்ன செய்ய முடியும், அதற்கு யாருடைய மூச்சு வேண்டும். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. "புள்ளையளுக்கு நல்லது இல்ல. அத நான் மறைக்கல. கூட்டிட்டுப் போறவிய இப்பவே போயிருங்க. நாங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்," என்றாள்.

ஒருவரும் நகரவில்லை. யாராவது நகர மாட்டார்களா என்று அவள் எதிர்பார்த்ததாக அவள் முகத்தைப் பார்த்து நினைத்தேன். அதுவும் என் கற்பனையாக இருக்கலாம். கூட்டத்திலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு முன்னே வந்து, யார்டு வேலிக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். "எங்கயோ பாலத்துக்கு அடியில கெடந்து கொசுவுல சாவுததுக்கு இது பரவால்ல," என்றாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் போய் உட்கார்ந்தார்கள். பிறகு எல்லோரும்.

இயந்திரத்தைப் போட்டது பேச்சிமுத்து. வேறு யாரையும் போட விடவில்லை. மூன்று நாளும் அவன்தான் நின்றான். மேளச் சத்தத்தோடு ரம்பச் சத்தமும் சேர்ந்து கேட்டது. அம்மன் முகத்தின் சந்தனக்காப்பு இரண்டாம் நாளே வெளுத்துவிட்டது. சாமியாடியவர் ஆட்டத்தின் நடுவில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. தூசியில் விரலால் பெயர் எழுதி விளையாடினார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் ரிஸ்வானா போன் செய்தாள். வடிவு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா. ஒண்ணத் தாண்டிட்டு."

சொல்லிவிட்டு அழுதாள். இங்கே குலவைச் சத்தம் கிளம்பியது. மறுநாள் விடிந்தபோது குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் குடங்களை வைப்பதற்கு முன்னால் கையில் பிடித்துப் பிள்ளைகளின் முகத்தைக் கழுவினார்கள். பேச்சிமுத்து குழாயடியில் உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டே இருந்தான். அந்த வாரம் பேருந்தும் மறுபடி விலக்கில் நின்று ஆள் ஏற்றியது. சில குடும்பங்கள் திரும்பி வரும் பேச்சைத் தொடங்கின.

அது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. கணக்குக்குள் வந்த நொச்சிப்பட்டியை நிறை இப்போது சரியாகவே பார்த்தது. இவ்வளவு பாரமுள்ள கண்ணி இங்கே இருக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. யார்டைப் பிரித்து வெள்ளாரங்குடி என்ற கடற்கரை ஊருக்கு மாற்ற உத்தரவு வந்தது. அங்கே அறுத்த துண்டுகளைச் சிமெண்டுக்கு மட்டுமல்ல, சாலை போடவும் எடுத்துக்கொள்வார்கள். மின்சாரம், சிமெண்ட், சாலை. பாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். எதிலும் ஒரு சதவீதம் வரவில்லை.

வெள்ளாரங்குடி மதிப்பீட்டை எழுதியவர்கள் எங்களுக்கு அடுத்த ஆண்டு மாணவர்கள். அவர்களுக்கு மாதிரியாகக் கொடுத்திருந்த விடைத்தாளை ரிஸ்வானா எனக்கு அனுப்பினாள். எங்களுடையதுதான். பங்கீட்டுப் பகுதியில் ஓரமாக, தெளிவான சிந்தனை என்று பேராசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். வடிவிடம் அதை நாங்கள் இருவருமே காட்டவில்லை.

யார்டு போனதும் நொச்சிப்பட்டிக்குத் தண்ணீர் நின்றது. ஐப்பசிக்குள் ஊர் காலியாகிவிட்டது. பேச்சிமுத்து தை மாதம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இறந்தான். வடிவு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பொட்டலங்களுக்கு எடை போடுகிறாள். செண்பகம் அவளோடுதான் இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். ரிஸ்வானா வேலையை விட்டுவிட்டுத் திருமணம் செய்துகொண்டு மஸ்கட் போய்விட்டாள். பெருநாளுக்குச் செய்தி அனுப்புவாள். தேவசகாயம் இன்னும் அதே பாடத்தை நடத்துகிறார். மென்பொருளில் அந்தச் சொல் மாறவில்லை. எனக்குத் தென்காசியில் பழைய அட்டையைத் திருப்பித் தரவில்லை. தங்கை வீட்டு மாடியில் இருக்கிறேன். வெள்ளாரங்குடிக்குப் போகும் பேருந்தை இந்தச் சித்திரையில் நிறுத்திவிட்டார்கள். கொடைக்கு வந்த பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் வளர்கிறார்கள். அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை.